கடல் தெரியும் வீடு பார்ப்பவர்கள் முதலில் சம்ப்பைத் திறந்து பாருங்கள்

சிங்கப்பூர், துபாய், கோலாலம்பூர், டொராண்டோ என்று வெளிநாட்டில் பல வருடம் இருந்துவிட்டுச் சென்னைக்கு வரும் குடும்பங்களில் பலர் திருவான்மியூருக்குத் தெற்கேதான் வீடு தேடுகிறார்கள். 2000இல் தரமணியில் டைடல் பார்க் திறந்த பிறகு ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) நெடுக அலுவலகங்கள் வந்தன. அவற்றின் பின்னாலேயே பள்ளிகளும் மருத்துவமனைகளும் அடுக்குமாடிகளும் வந்துவிட்டன. கிழக்கே கொஞ்ச தூரம் போனால் கடல். அலுவலகம் எவ்வளவு தூரம், எத்தனை படுக்கையறை, பால்கனியில் நின்றால் கடல் தெரியுமா என்று மூன்று கேள்விகளோடு வீடு பார்த்து, பிடித்துப்போனால் அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். இந்தப் பகுதியில் ஒரு வீட்டில் நிம்மதியாக இருக்க முடியுமா என்பதைத் தீர்மானிப்பது தண்ணீர். குழாயில் வருவது, மழையில் தேங்குவது, காற்றில் உப்பாக வந்து ஒட்டுவது என்று மூன்று விதமாக அது வரும். மூன்றையும் வீடு பார்க்கும்போதே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் நிலம். கடற்கரையிலிருந்து மேற்கே போனால் மணல்மேடு வரும். ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) அதன் மேல்தான் ஓடுகிறது. மேட்டுக்கு மேற்கே தாழ்வில் பக்கிங்ஹாம் கால்வாய். கால்வாயைத் தாண்டினால் ஓஎம்ஆர். அதற்கும் மேற்கே பள்ளிக்கரணை சதுப்புநிலமும் அதற்குத் தண்ணீர் அனுப்பும் ஏரிகளும். வரைபடத்தில் பார்த்தால் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஆனால் கிழக்கே மணல், மேற்கே களிமண்ணும் அடியில் பாறையும். ஒரே வாடகைக்குக் கிடைக்கும் இரண்டு வீடுகளில் ஒன்றின் கிணற்று நீரைக் காய்ச்சிக் குடிக்கலாம், மற்றொன்றின் போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீரில் சோப்பு நுரைக்காது. காரணம் இந்த மண் வித்தியாசம்தான்.

மணல்மேட்டில் பெய்யும் மழை நேராக உள்ளே இறங்குகிறது. கடல்நீரைவிட நன்னீர் எடை குறைந்தது என்பதால் அடியில் இருக்கும் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது கடலோர நிலத்தடி நீருக்குச் சொல்லப்படும் கணக்கு. அதே கணக்கு எதிர்த்திசையிலும் செல்லும். மோட்டார் போட்டு உறிஞ்சி நீர்மட்டத்தை 1 அடி இறக்கினால், அடியிலிருந்து உப்புநீர் 40 அடி மேலே வரப் பார்க்கும். இன்னும் ஆழமாகப் போட்டால் இன்னும் நல்ல தண்ணீர் வரும் என்ற நம்பிக்கை மதுரைப் பக்கம் பலிக்கலாம், ஈசிஆரில் பலிக்காது. இங்கே ஆழமில்லாத கிணறுதான் நல்லது, அதிலும் மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக இறைக்க வேண்டும். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு இருக்கிறது. நூறு லிட்டர் நல்ல தண்ணீரில் இரண்டு லிட்டர் கடல்நீர் கலந்தாலே உப்பு அளவு லிட்டருக்கு 700 மில்லிகிராம் ஏறிவிடும். ஒருமுறை உப்பேறிய இடம் நல்ல மழை வருடங்கள் சில தொடர்ந்து வந்தால்தான் மெல்லத் தேறும்.

வீடு பார்க்கப் போகும்போது சட்டைப்பையில் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று இருக்கட்டும். பேனா அளவுக் கருவி, சில நூறு ரூபாய்தான். சமையலறைக் குழாயில் மட்டும் சோதித்துவிட்டு வராதீர்கள். அங்கே உப்பை வடிகட்டி நீக்கும் ஆர்ஓ கருவி பொருத்தியிருந்தால் எண் அழகாகத்தான் இருக்கும். குளியலறைக் குழாய், கீழே போர் மோட்டாருக்குப் பக்கத்தில் இருக்கும் தோட்டக் குழாய், முடிந்தால் சம்ப் (தரைக்கடியில் தண்ணீர் சேமிக்கும் தொட்டி) என மூன்று இடத்திலும் பிடித்துப் பாருங்கள். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் சொல்லும் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. 1,500ஐத் தாண்டிய தண்ணீரில் குளித்தால் முடி சிக்கு விழும், கீஸரின் ஹீட்டிங் காயிலில் உப்பு படிந்து சீக்கிரம் போய்விடும், ஷவர் துளைகள் அடைத்துக்கொள்ளும். பார்க்கும் மாதமும் முக்கியம். டிசம்பரில் மழை முடிந்த கையோடு சோதித்தால் எந்தப் போரும் நல்ல எண்ணைத்தான் காட்டும். மே மாதக் கடைசியில் என்ன காட்டுகிறதோ அதுதான் அந்த வீட்டின் உண்மையான எண். மழை மாதத்தில் வீடு பார்க்கிறவர்கள் குழாய்களின் மூட்டுகளிலும் கழிவறைப் பீங்கானிலும் வெள்ளைப் படிவம் இருக்கிறதா என்று பார்க்கலாம். இந்த மீட்டர் கரைந்திருக்கும் உப்பை மட்டும்தான் அளக்கும். கிருமியையோ சாக்கடைக் கசிவையோ காட்டாது. எண் குறைவாக இருக்கிறது என்பதற்காகக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது.

அடுத்தது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி. "இருபத்திநாலு மணி நேரமும் தண்ணி வரும் சார்" என்று புரோக்கர் சொல்வது குழாயைப் பற்றி. அந்தக் குழாயின் மறுமுனையில் மெட்ரோ வாட்டர் (சென்னைக் குடிநீர் வாரியம்) பைப்பு இருக்கலாம், போர் இருக்கலாம், லாரி இருக்கலாம். மாநகராட்சியின் எல்லை 2011இல் விரிந்தபோது ஈசிஆரில் உத்தண்டி வரையும் ஓஎம்ஆரில் செம்மஞ்சேரி வரையும் உள்ளே வந்தன. நாவலூர், சிறுசேரி, கேளம்பாக்கம், கானத்தூர், முட்டுக்காடு எல்லாம் வெளியே, செங்கல்பட்டு மாவட்டத்தில். எல்லைக்கு உள்ளேயும் எல்லாத் தெருவுக்கும் பைப்பு வந்துவிடவில்லை. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை நெம்மேலியில் 2013 முதல் இயங்குகிறது, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். 2024 பிப்ரவரியில் 15 கோடி லிட்டருக்கு இன்னொன்று அங்கேயே திறக்கப்பட்டது. இவை வந்தபின் தென்சென்னையின் நிலை தேறியிருக்கிறது. இருந்தும் பெரிய குடியிருப்புகள் பல இன்றும் லாரியை நம்பித்தான் இருக்கின்றன.

லாரிக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. நகரத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது திட்டமிடலில் எடுத்துக்கொள்ளும் அளவு. நாலு பேர் குடும்பத்துக்கு 540 லிட்டர். 24 வீடுகள் இருக்கும் ஒரு பிளாக்குக்குச் சுமார் 13,000 லிட்டர், அதாவது தினமும் 12,000 லிட்டர் லாரி ஒன்று முழுசாக வந்தாலும் கொஞ்சம் குறையும். இப்போது சம்ப்பை அளவெடுங்கள். நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அடியில் பெருக்கி 28ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். 10 அடிக்கு 8 அடி, 7 அடி ஆழம் என்றால் 15,700 லிட்டர். அதாவது அந்த பிளாக்குக்கு ஒரு நாளும் சில மணி நேரமும்தான் தாங்கும். லாரிக்காரர்கள் ஸ்டிரைக் செய்தாலோ, புயலில் சாலை மூழ்கினாலோ இரண்டாம் நாள் காலை குழாய் வறண்டுவிடும். மூன்று நாளைக்குத் தாங்கும் சம்ப் இருக்கும் கட்டடத்தைத் தேர்ந்தெடுங்கள். 2019 கோடையில் செம்பரம்பாக்கம், புழல், பூண்டி, சோழவரம் நாலும் வற்றி நகரமே குடத்தோடு நின்றபோது, ஓஎம்ஆரில் சில அலுவலகங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டன. தனிவீடு என்றால் லாரிக்கான பணம் யார் கொடுப்பது என்று முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். ஃபிளாட் என்றால் மெயின்டனன்ஸுக்குள் தண்ணீர் அடங்குமா, கோடையில் கூடுதலாகக் கேட்பார்களா என்று அசோசியேஷன் செயலாளரிடம் கேளுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் தனி வாட்டர் மீட்டர் இருக்கும் கட்டடம் கிடைத்தால் வாடகை கொஞ்சம் கூட இருந்தாலும் எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. மீட்டர் இருக்கும் இடத்தில் ஒழுகும் குழாயை மறுநாளே சரிசெய்கிறார்கள்.

அந்த லாரித் தண்ணீர் வானத்திலிருந்து விழவில்லை. நகரத்தைச் சுற்றியிருக்கும் கிராமங்களின் விவசாயக் கிணறுகளிலிருந்தும் போர்களிலிருந்தும் வருகிறது. அங்கே நீர்மட்டம் இறங்கி, அந்த ஊர்ப் பெண்கள் மறித்து நின்ற செய்திகள் கோடைதோறும் வருகின்றன. லாரியில் குளிப்பவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

குடிக்க 20 லிட்டர் கேன்தான் பொது வழக்கம். மூடியில் சீல் பிரிக்காமல் இருக்கிறதா, ஐஎஸ்ஐ முத்திரையும் தயாரித்த தேதியும் அச்சாகியிருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். நீலம் வெளுத்துக் கீறல் விழுந்த கேனைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். குழாய் நீரின் டிடிஎஸ் 300க்குக் கீழே இருந்தால் ஆர்ஓ தேவையே இல்லை, கிருமியைக் கொல்லும் யூவி விளக்கு பொருத்திய சாதாரண ஃபில்டர் போதும். ஆர்ஓ ஒரு லிட்டர் கொடுக்க இரண்டு மூன்று லிட்டரைக் கழித்து ஊற்றும். ஏற்கெனவே ஆர்ஓ இருந்தால் அந்தக் கழிவுக் குழாயை ஒரு வாளிக்குத் திருப்பிவிடுங்கள், வீடு துடைக்க ஆகும்.

இனி மழை. வெளியூர்க்காரர்கள் ஜூன் ஜூலையை நினைத்துக்கொண்டு வருவார்கள். சென்னையின் மழை அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை, வடகிழக்கிலிருந்து வருகிறது. ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டரில் பெரும்பகுதி இந்தச் சில வாரங்களில், அதிலும் சில நாட்களில், கொட்டித் தீர்க்கும். தென்சென்னையின் மேற்குப் பகுதி ஏரிகள் நிறைந்து வழியும் நீரெல்லாம் பள்ளிக்கரணையில் சேர்ந்து, ஓஎம்ஆருக்கு அடியில் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயில் இறங்கி, தெற்கே முட்டுக்காட்டில்தான் கடலைப் பார்க்கிறது. அவ்வளவு பெரிய பரப்புக்கு அவ்வளவு ஒடுக்கமான வழி. முகத்துவாரத்தில் மணல் மூடியிருந்தாலோ கடலில் ஏற்றம் இருந்தாலோ தண்ணீர் வடியாமல் நிற்கும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் படகில் ஆட்களை மீட்டார்கள். கடலுக்குப் பக்கத்தில் இருப்பதுதான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். மழை வெள்ளத்தைப் பொறுத்தவரை மணல்மேட்டில் இருக்கும் ஈசிஆர் தெருக்கள் பல, ஓஎம்ஆருக்கு மேற்கே இருக்கும் புது நகர்களைவிடப் பத்திரமானவை. 2004 சுனாமி மாதிரி கடலே ஏறி வந்தால் அது வேறு கணக்கு. கடற்கரையை ஒட்டிய முதல் வரிசை வீடுகளுக்குக் குடிபோகிறவர்கள் மேற்கே ஏறி ஓடும் வழியைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

ஒரு தெரு மூழ்குமா என்று அறிய வீட்டுக்காரரைக் கேட்டுப் பயனில்லை. வாசல் வாட்ச்மேனிடம் "அண்ணே, மிக்ஜாம் புயல்ல இங்க தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" என்று கேட்டால் கையை வைத்தே காட்டுவார். முனைக் கடைக்காரம்மாவிடம் "அக்கா, கடையை எத்தன நாள் மூடி வெச்சிருந்தீங்க?" என்று கேளுங்கள். சுற்றுச்சுவரில் பழுப்பாக ஒரே மட்டத்தில் கோடு ஓடுகிறதா, ஈபி மீட்டர் பெட்டிகளைத் தரையிலிருந்து மேலே மாற்றியிருக்கிறார்களா, வீட்டு வாசல்கள் சாலையைவிடத் தாழ்ந்து போயிருக்கின்றனவா என்றும் பாருங்கள். பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே தார் போட்டுக்கொண்டே போவதால் பழைய வீடுகள் பள்ளத்தில் இறங்கிவிட்டன. பேஸ்மென்ட் பார்க்கிங் இருக்கும் கட்டடத்தில் பம்ப் இருந்தால் மட்டும் போதாது, அந்தப் பம்ப் ஜெனரேட்டரில் ஓடுமா என்று கேளுங்கள். வெள்ளத்தின்போது மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். ஈபியை மட்டும் நம்பிய பம்ப் தேவைப்படும் நேரத்தில் கிடக்கும்.

வெள்ளம் வந்து வடிந்த பிறகு பலரும் தவறுவது சம்ப்பில்தான். மூடி சாலை மட்டத்தில் இருந்தால் சாக்கடை உள்ளே போயிருக்கும். மேலே தெளிவாகத் தெரிகிறது என்று மோட்டாரைப் போட்டுவிட்டால் மேல்தொட்டியும் எல்லாக் குழாய்களும் கெட்டுவிடும். முழுவதையும் இறைத்து, சேற்றை அள்ளி, சுவரைத் தேய்த்துக் கழுவிவிட்டுப் புதுத் தண்ணீர் விட வேண்டும். அதற்குப் பிறகு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் என்ற அளவில் நல்ல பிளீச்சிங் பவுடரை வாளித் தண்ணீரில் கரைத்து, கசடு அடியில் தங்கியபின் மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றி, குறைந்தது ஒரு மணி நேரம் விட வேண்டும். 10,000 லிட்டர் சம்ப்புக்கு 25 கிராம். திறந்து வைத்த பழைய பவுடரில் வீரியம் இருக்காது. சம்ப்புக்குள் ஆளை இறக்குவதற்கு முன்னால் மூடியைத் திறந்து நன்றாகக் காற்றாட விடுங்கள், மேலே இன்னொருவர் கட்டாயம் நிற்க வேண்டும். மூச்சுத் திணறி உயிர்கள் போயிருக்கின்றன.

மூன்றாவது, உப்புக்காற்று. கடலிலிருந்து அரை கிலோமீட்டருக்குள் இருக்கும் வீடுகளில் இது மாதாந்திரச் செலவு. கட்டடத்திலிருந்து தொடங்குவோம். பால்கனியின் அடிப்பக்கம், சன்ஷேடின் அடி, மேல்தொட்டியின் கீழ்ப்புறம் ஆகிய மூன்றையும் அண்ணாந்து பாருங்கள். கம்பி ஓடும் நீளத்துக்கு விரிசலும் அதிலிருந்து துருக் கறையும் இருந்தால் உப்பு உள்ளே போய்க் கம்பியைத் தொட்டுவிட்டது என்று பொருள். துரு பிடித்த இரும்பு பருத்து, மேலே மூடியிருக்கும் கான்கிரீட்டைத் தள்ளி உடைக்கும். ஒரு கோலால் தட்டினால் பொத்தென்று பொள்ளல் சத்தம் கேட்கும். அந்த இடத்தில் சிமென்ட் பூசி பெயின்ட் அடித்து வைத்தால் ஒன்றிரண்டு மழைக்குத்தான் நிற்கும். பூசிய இடத்துக்குப் பக்கத்திலேயே துரு புதிதாகத் தொடங்கும். முறையாகச் செய்தால் கம்பியின் பின்பக்கம் தெரியும்வரை கொத்தி, துருவைச் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த கலவையால் மூட வேண்டும். படுக்கையறைக் கூரையில் இந்த அறிகுறி இருக்கும் வீட்டை எவ்வளவு வாடகை குறைத்தாலும் எடுக்காதீர்கள். தரைத்தளச் சுவரில் மூன்றடி உயரம் வரை மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தாலும் சந்தேகப்படுங்கள்: ஈரம் ஏறி உப்பு பூத்ததை மறைத்திருக்கலாம்.

ஏசி இங்கே சீக்கிரம் சாகும். வெளியே இருக்கும் யூனிட்டில் செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. அவற்றின் மேல் உப்பும் ஈரமும் படிந்தால் அலுமினியம் வெள்ளைத் தூளாக உதிரும். கேஸ் கசியும், குளிர் குறையும். மெக்கானிக் வந்து கேஸ் ஏற்றிவிட்டுப் போவார், இரண்டு மாதத்தில் மறுபடி அதே கதை. கசிவு எங்கே என்று கண்டுபிடிக்காமல் கேஸ் ஏற்ற விடாதீர்கள். நைட்ரஜன் அழுத்தம் கொடுத்துச் சோப்பு நுரை தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை மெயினை அணைத்துவிட்டு, வெளி யூனிட்டை மெல்லிய தாரையில் நல்ல தண்ணீரால் கழுவினால் ஆயுள் கூடும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதைக்கொண்டு கழுவுவது உப்பின் மேல் உப்பைப் பூசுவதுதான், அதனால் இதற்கென்று மெட்ரோ தண்ணீரை எடுத்து வையுங்கள். புதிதாக வாங்கினால் பூச்சு கொடுத்த காயில் இருக்கும் மாடலைக் கேளுங்கள். யூனிட்டைக் கடலைப் பார்த்த சுவரில் மாட்டாமல் பக்கச் சுவரில் மாட்டச் சொல்லுங்கள். மாட்டும் ஸ்டாண்டும் போல்ட்டும் துருப்பிடித்து யூனிட்டே விழுந்துவிடக்கூடும், ஆண்டுக்கு ஒருமுறை ஆட்டிப் பார்க்க வேண்டும்.

கடையில் 'எஸ்எஸ்' (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) என்று கொடுப்பதெல்லாம் ஒன்றல்ல. மலிவாகக் கிடைப்பது 202 ரகம். கடலோரத்தில் சில மாதத்திலேயே பழுப்புப் புள்ளி விழும். 304 பரவாயில்லை, கடலைப் பார்த்த இடத்துக்கு 316தான். காந்தம் வைத்துப் பார்த்து இவற்றைப் பிரிக்க முடியாது, பில்லில் ரகத்தை எழுதி வாங்குங்கள். ஜன்னலுக்கு யூபிவிசி (கெட்டிப் பிளாஸ்டிக்), கொசு வலைக்கு ஃபைபர், கீலுக்கும் தாழ்ப்பாளுக்கும் பித்தளை. இரும்பு கிரில் இருந்தால் துருவைச் சுரண்டி ரெட் ஆக்ஸைட் அடித்துவிட்டுத்தான் பெயின்ட், அதையும் மழைக்கு முன் முடித்துவிட வேண்டும்.

திசை பற்றி ஒரு வார்த்தை. கோடையில் கடல்காற்று நண்பகலை ஒட்டித் தென்கிழக்கிலிருந்து நுழையும். மேற்கத்திக் காற்று பலமாக இருக்கும் நாளில் அது தாமதமாகும், அன்றைக்குத்தான் 40 டிகிரியைத் தாண்டும். 2003 மே மாதத்தில் 45 டிகிரி வரை போயிருக்கிறது. தென்கிழக்கு மூலையில் ஜன்னல் இருக்கும் வீட்டில் மாலையில் ஏசி வேண்டியிருக்காது. மேற்குச் சுவர்ப் படுக்கையறை நள்ளிரவு வரை தகிக்கும். வடகிழக்கு ஜன்னல்களில் நவம்பர் மழை சாய்ந்து அடிக்கும். ஸ்லைடிங் ஜன்னலின் அடித்தடத்தில் இருக்கும் வடிகால் துளைகளைக் குச்சியால் குத்திச் சுத்தம் செய்து வையுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் அறைக்குள் வழியும்.

காகித வேலைகளில் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது பழைய வழக்கம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது. ஆகவே ஒப்பந்தத்தில் எழுதுவதுதான் எல்லாம், பேசிக் குறையுங்கள். 11 மாத ஒப்பந்தமானாலும் அரசின் வாடகைப் பதிவு இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். ஏசி கேஸ் கசிவு, மோட்டார் பழுது, லாரித் தண்ணீர், காலி செய்யும்போது பெயின்ட் அடிக்கப் பிடிக்கும் தொகை நான்கும் யார் பொறுப்பு என்று எழுத்தில் இருக்கட்டும். வீட்டுக்காரரே வெளிநாட்டில் குடியிருப்பவராக இருந்தால் இன்னொரு சுமை உண்டு: வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதில் 30 சதவீதமும் அதன் மேல் செஸ் எனும் கூடுதல் வரியும் வருமான வரியாகப் பிடித்து அரசுக்குக் கட்டுவது வாடகைக்கு இருப்பவரின் கடமை. குறைந்த விகிதத்துக்கான சான்றிதழை வீட்டுக்காரர் வாங்கித் தந்தால் அதன்படி பிடிக்கலாம். ஈசிஆர், ஓஎம்ஆரில் சொந்தக்காரர் அமெரிக்காவிலும் சாவி வாட்ச்மேனிடமும் இருக்கும் ஃபிளாட்டுகள் ஏராளம், ஆகவே முதல் மாதமே ஒரு ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.

அயல்நாட்டுப் பாஸ்போர்ட்டில் 180 நாளுக்கு மேற்பட்ட விசாவோடு வருகிறவர்கள் வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகமான எஃப்ஆர்ஆர்ஓவில் இணையவழியே பதிய வேண்டும். அலுவலகம் நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனில் இருக்கிறது. ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடிமகன்) அட்டை இருந்தால் இந்தப் பதிவு வேண்டாம். அயல்நாட்டவரைக் குடிவைக்கும் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் தகவல் பதிய வேண்டும். பலருக்கு அது தெரியாது, நீங்களே கூட இருந்து செய்ய வையுங்கள். மின்சாரம் 230 வோல்ட், ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. இரு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுகளின் சலுகையும் குறைந்துபோகும், பில் சட்டென்று எகிறும். சிங்கப்பூர், மலேசியாவின் சதுரப்பின் பிளக் இங்கே நேராகப் பொருந்தாது. அமெரிக்காவின் 120 வோல்ட் மிக்ஸியையும் வாஷிங் மெஷினையும் கன்டெய்னரில் ஏற்றி வர வேண்டாம், அங்கேயே விற்றுவிடுங்கள்.

கடலோரத்துக்கு வந்துவிட்டுக் கடலில் இறங்காமல் இருக்க முடியாது. ஆனால் இந்தக் கடலில் இழுப்பு அதிகம். அலை உடையாமல், நுரை இல்லாமல், கலங்கிய நிறத்தில் ஒரு பாதை கரையிலிருந்து கடலுக்குள் ஓடினால் அதுதான் இழுப்பு ஓடும் இடம். பார்ப்பதற்கு அங்கேதான் அமைதியாக இருக்கும். அகப்பட்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், மிதந்துகொண்டே கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர வேண்டும். கொட்டிவாக்கம், நீலாங்கரை, பெசன்ட் நகர் பக்கம் ஊரூர் என்று அங்கங்கே மீனவர் குப்பங்கள் இருக்கின்றன. அன்றைக்குத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அங்கே வலை சரிபார்க்கும் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள், அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம். காலையில் மீனும் அங்கேயே வாங்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அப்போது சிறுபடகில் வருவது மட்டும்தான் கிடைக்கும், விலையும் ஏறும். ஜனவரியிலிருந்து கோடை தொடக்கம் வரை பங்குனி ஆமைகள் இந்த மணலில் முட்டையிடுகின்றன. குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கிப் போகும் இயல்புள்ளவை, பால்கனி விளக்கு எரிந்தால் கடலை விட்டுச் சாலைப் பக்கம் ஏறிவிடும். கடலைப் பார்த்த வீட்டில் இருப்பவர்கள் அந்த மாதங்களில் இரவு வெளிவிளக்கை அணைத்து வைக்க வேண்டும். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் நடந்து முட்டைகளைக் காக்கும் மாணவர் அமைப்பு 1988 முதல் இந்த வேலையைச் செய்துவருகிறது. குழந்தைகளை அழைத்துக்கொண்டு நீங்களும் நடக்கலாம்.

குடிவந்த பின் வாடகைக்கு இருப்பவரும் செய்யக்கூடிய ஒன்று மழைநீர்ச் சேகரிப்பு. 2003இலேயே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கிவிட்டார்கள். குழாயும் குழியும் எங்கும் இருக்கின்றன, வேலை செய்பவை குறைவு. 2,000 சதுர அடி மொட்டைமாடியில் ஆண்டுக்கு விழும் மழையில் ஐந்தில் நாலு பங்கைப் பிடித்தாலும் 2 லட்சம் லிட்டர் தேறும், அதாவது 17 லாரி. ஈசிஆர் மணலில் 3 அடி அகலம், 15 அடி ஆழத்துக்கு உறை இறக்கிய கிணறு ஒன்றே குடித்துத் தீர்த்துவிடும். ஓஎம்ஆருக்கு மேற்கே களிமண் என்றால் அந்த அடுக்கைத் துளைத்துக்கொண்டு கீழே போக வேண்டும், இல்லாவிட்டால் குழி தொட்டியாக நிற்கும். குழிக்கு முன் ஒரு கசடுத்தொட்டி இருக்க வேண்டும். கார் நிற்கும் இடத்து எண்ணெய்த் தண்ணீரையும் செப்டிக் டேங்க் பக்கத்து நீரையும் இதில் சேர்க்கக் கூடாது. செப்டம்பர் மாத அசோசியேஷன் கூட்டத்தில் எழுந்து மூன்று விஷயம் கேளுங்கள்: மொட்டைமாடியைப் பெருக்கியாகிவிட்டதா, கசடுத்தொட்டியை அள்ளியாகிவிட்டதா, குழாய் வாயில் அடைப்பு இருக்கிறதா என்று வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்களா. அக்டோபர் முதல் மழையை மாடியைக் கழுவ விட்டுவிட்டு, இரண்டாவது மழையிலிருந்து வால்வைக் கிணற்றுப் பக்கம் திருப்புங்கள். ஜனவரியில் தோட்டக் குழாயில் டிடிஎஸ் பார்த்து எழுதி வையுங்கள், மே மாதம் மறுபடி பாருங்கள்.